இரவல் நோவு

பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுக்கும் வேலையை நான் கூடியமட்டும் ஒப்புக்கொள்வதில்லை. கல்யாணப் பத்திரிகை என்றால் போனால் போகிறதென்று பார்ப்பேன். வரவேற்பு உபசாரப் பத்திரம் என்றால் தலைவலி என்று சொல்லிவிடுவேன். ஆனால் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த, என்னைத் "தாத்தா" என்று கூப்பிடுகிற ஒரு பெண், "நீங்கதான் கதை எழுதறவராச்சே, இதைக் கொஞ்சம் பார்த்துக் குடுங்கோ" என்று இரண்டு பக்கம் அனுப்பி வைத்தால் எப்படி மறுப்பது? அவள் என் தங்கையின் பேத்தி. பிஸியோதெரபி மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். இயன்முறை மருத்துவம் என்று நம் சர்க்கார் இதற்கு அழகாகப் பெயர் வைத்திருக்கிறது. எங்கள் தெருவில் மட்டும் இன்னும் "எக்சர்சைஸ் டாக்டர்" தான்.

அந்த நாட்டில் இந்தப் படிப்பு இன்றைக்கு டாக்டர் பட்டம். நாலு வருஷக் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, அதற்குமேல் ஏறக்குறைய மூன்று வருஷம். 2016-லிருந்து அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் எல்லாமே டாக்டர் பட்டம்தான் கொடுக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. 1918-ல், முதல் உலக யுத்தத்தில் அடிபட்டுத் திரும்பிய சிப்பாய்களைத் தேற்றுவதற்காகப் பெண்களைச் சேர்த்துச் சில மாதப் பயிற்சி கொடுத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண்களிடமிருந்து வளர்ந்த தொழில் இது. இப்போது விண்ணப்பம் என்பதே ஒரு சிறு யாகம். உடற்கூறு, உடலியல், ரசாயனம், பௌதிகம், புள்ளியியல், மனோதத்துவம் எல்லாவற்றிலும் மதிப்பெண் காட்ட வேண்டும். பல பள்ளிகளில், தொழில் செய்கிற ஒருவர் பக்கத்தில் நின்று இத்தனை மணி நேரம் வேடிக்கை பார்த்தேன் என்று அத்தாட்சி கேட்கிறார்கள். சிபாரிசுக் கடிதங்கள் வேண்டும். கடைசியாக, இடைவெளிகளையும் சேர்த்து 4,500 எழுத்துக்களுக்கு மிகாமல் ஒரு கட்டுரை. இந்தத் தொழிலுக்கு உன்னை இட்டு வந்த கதை என்ன, அதுவும் மேலெழுந்தவாரியாக அல்லாமல் ஆழமாகச் சொல் என்பதுதான் கேள்வியின் சாரம்.

அவள் எழுதியிருந்த கதை இது. ஒன்பது வயதில் பாட்டியைப் பார்க்க இந்தியாவுக்கு வந்தாள். பாட்டிக்குப் பக்கவாதம், வலது கை மரக்கட்டைபோல் கிடந்தது. ஓர் இளைஞர் தினமும் வந்து அந்தக் கையை மடக்கி நீட்டிப் பழக்கினார். ஒரு நாள் காலையில், ஜன்னல் வெயிலில், பாட்டி அதே வலது கையால் காப்பி டம்ளரை எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டாள். "அந்தக் கணத்தில் என் வாழ்க்கை தீர்மானமாயிற்று" என்று முடித்திருந்தாள்.

படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

என் தங்கைக்கு 2011-ஆம் வருஷம் வைகாசியில் பக்கவாதம் வந்தது. பேச்சு சற்றுக் குழறிற்று. கால், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அளவுக்குத் திரும்பி வந்தது. கை வரவில்லை. மொபெட்டில் வந்துகொண்டிருந்த அந்தப் பையன் நல்லவன், பொறுமைசாலி. ஒரு ரப்பர் பந்தைக் கையில் வைத்து, "அமுக்குங்க அம்மா, இன்னும் ஒரு தரம், இன்னும் ஒரே ஒரு தரம்" என்பான். இருபத்திரண்டு நாள் வந்தான். இருபத்திரண்டாம் நாள், "நாளையிலேருந்து வரவேண்டாம்னு சொல்லிடு அண்ணா" என்றாள். நான் சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவள் இடது கையால் சாப்பிட்டாள். அதைப் பிறர் பார்க்கக்கூடாது என்று எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சமையலறையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தினாள். கை போனதைவிட, பந்தியில் உட்கார முடியாமற் போனதுதான் அவளுக்குப் பெரிய துக்கம் என்று நினைக்கிறேன். 2016-ல் போய்ச் சேரும் வரையில் அந்த வலது கை ஒரு டம்ளரைத் தொடவில்லை.

அப்படியானால் பெண் பொய் எழுதினாளா? அதுதான் இல்லை. அந்த டம்ளர் என்னுடையது. 2013-ல் ஒரு தீபாவளி மலருக்காக, என் தங்கையை வைத்து ஒரு கதை எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன். முடிவில் கையையும் மாற்றினேன். நாற்பது பக்கம் படித்த வாசகரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. வெயிலும் ஜன்னலும் காப்பி டம்ளரும் நான் போட்டவை. தமிழ் படிக்கத் தெரியாத குழந்தைக்கு அவள் அப்பா அந்தக் கதையை இங்கிலீஷில் சொல்லிச் சொல்லித் தூங்க வைத்திருக்கிறான். இரண்டு வார விடுமுறையில் அவள் கண்ணால் கண்டதும், இராத்திரிகளில் காதால் கேட்டதும் ஒன்றாகக் கலந்துவிட்டன. அவள் நினைவிலிருந்துதான் எழுதினாள். பொய் சொன்னவன் நான். அதுவும் இலக்கியம் என்ற பெயரில், சன்மானம் வாங்கிக்கொண்டு.

கதாசிரியனுக்கு அந்த உரிமை உண்டு என்றுதான் இத்தனை நாளும் நம்பி வந்திருக்கிறேன். கதை படிக்கிறவருக்கு அது கதை என்று தெரியும்; எழுதுகிறவனும் படிக்கிறவரும் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. ஆனால் அதே டம்ளரை ஒரு விண்ணப்பத்தில் வைத்தால் அது சாட்சியம் ஆகிவிடுகிறது. அங்கே படிக்கிறவர், "இப்படி நடந்தது" என்று நம்பி ஒரு இடத்தை எடுத்துக் கொடுக்கிறார். அந்த இடம் கிடைக்காமல் போகிற இன்னொரு பிள்ளை எங்கேயோ இருக்கிறது.

வழக்கு இதோடு முடிந்துவிடவில்லை. அவளுக்கு அது பொய் என்று தெரியாது. தெரியாமல் சொல்கிறவளுக்குத் தோஷம் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு இரண்டு காற்புள்ளிகளைத் திருத்தி அனுப்பியிருந்தால் அவள் குற்றமற்றவளாகவே இருப்பாள்; பாட்டியைப் பற்றிய அருமையான நினைவும் அவளிடம் இருக்கும். நான் உண்மையைச் சொன்னால் அந்த நினைவைப் பிடுங்கிக்கொள்கிறேன். சொன்ன பிறகு அதே கட்டுரையை அவள் அனுப்பினால் அவளைப் பொய்சாட்சி ஆக்குகிறவனும் நானே. உண்மையைச் சொல்வது எப்போதும் தருமம்தானா என்று வள்ளுவர் காலத்திலிருந்து வாதாடி வருகிறோம். யாருக்கும் தீங்கில்லாத பொய்யாக இது எனக்குத் தோன்றிற்று. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். விண்ணப்பத்துக்குக் கெடு இன்னும் பத்து நாள்.

மூன்றாம் நாள் டெலிபோன் செய்து சொல்லிவிட்டேன். நான் ஒன்றும் ஹரிச்சந்திரன் இல்லை. சொல்ல வைத்தது அவள் தேர்ந்தெடுத்த தொழில். சட்டம் படிக்கப் போகிறாள் என்றாலோ வியாபாரம் படிக்கப் போகிறாள் என்றாலோ ஒருவேளை விட்டிருப்பேன். பிஸியோதெரபிக்குப் போகிற பெண், கைகள் கதை முடிவில் திரும்பி வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு போகக்கூடாது. திரும்பி வராத கைகள்தான் எத்தனை! முதல் வருஷத்திலேயே ஒரு கிழவி "நாளைக்கு வரவேண்டாம்" என்று சொல்லுவாள். அன்றைக்கு இந்தப் பெண் டம்ளரை நம்பி நின்றால் கால் வழுக்கிவிடும்.

வெகுநேரம் மறுமுனையில் சத்தம் இல்லை. பிறகு, "அப்போ பாட்டி எப்படிச் சாப்பிட்டா?" என்று கேட்டாள். சொன்னேன். அழுதாள் என்று நினைக்கிறேன். அந்தக் கருவியில் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். "ஆலோசகர் கதை வேணும்கிறார், தாத்தா. எல்லாரும் யாரோ ஒருத்தர் கஷ்டத்தைத்தான் எழுதறா. எனக்கு எலும்புகூட முறிஞ்சதில்லை. நான் என்ன எழுதறது?" என்றாள். கோபமும் சிரிப்பும் கலந்த குரல்.

அவள் கேட்டது நியாயமான கேள்வி. வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954-ல் ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி குஷ்டரோகிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க்குக்குப் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, அதே ஆஸ்பத்திரியில் அதற்கென்று ஒரு துறையை நடத்தினார். அவரைப் போன்றவருக்கு விண்ணப்பத்தில் எழுதச் சொந்த நோவு இருந்தது. இருபத்திரண்டு வயதில் ஆரோக்கியமாக இருப்பது குற்றமா? ஆழமான கதை சொல் என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் கேட்டால், இல்லாதவர்கள் இரவல் வாங்கத்தான் செய்வார்கள். பாட்டிகளின் இடுப்பெலும்பும் தாத்தாக்களின் பக்கவாதமும் அந்த மாதங்களில் என்ன பாடு படுகின்றனவோ!

கேட்கிறவர்களையும் முழுக்கக் குறை சொல்வதற்கில்லை. நோயாளி முகத்தைச் சுளிக்கும்போது இவள் கை நிற்குமா, அமுக்குமா என்பதை ரசாயனத்தில் வாங்கிய மதிப்பெண் சொல்லாது. வேறு எப்படித்தான் கண்டுபிடிப்பது? அவர்களும் பாவம்.

"அந்தச் சிகிச்சை நிலையத்திலே நின்னியே, என்ன பார்த்தே?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லை, தாத்தா. துண்டு மடிச்சேன். மேஜை துடைச்சேன். எத்தனை தரம் காலைத் தூக்கினார்னு எண்ணினேன்" என்றாள். எண்ணிக்கொண்டே வந்தவள் ஒரு லாரி டிரைவரைப் பற்றிச் சொன்னாள். முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டவர். வாயைத் திறந்தால் வசவு. சிகிச்சை செய்கிற அம்மாள் ஒவ்வொரு முறையும் காலை மடக்கிவிட்டு, கோனியோமீட்டர் என்று ஒரு கருவியால் கோணத்தை அளப்பாராம். பள்ளிக்கூடத்துப் பாகைமானிக்கு இரண்டு கை முளைத்தாற்போல் இருக்குமாம் அது. ஒரு வாரம் 84 பாகை. அடுத்த வாரம் 86. அந்த மனிதர் இரண்டு பாகைக்காக ஒரு வாரம் பல்லைக் கடித்திருக்கிறார். "அவ்வளவுதானா?" என்று வைதாராம். அந்த அம்மாள், "அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு 86 என்று எழுதிக்கொண்டாராம். "அவ சமாதானம் சொல்லவே இல்லை, தாத்தா. அது எனக்குப் பிடிச்சிருந்தது" என்றாள்.

எழுத வேண்டியது அதுதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கதாசிரியனின் துராசை! ஆனால் அவள் தயங்கினாள். "இதுவும் இன்னொருத்தர் வலிதானே? அவரைக் கேட்காம எழுதலாமா?" என்றாள். ஐம்பது வருஷமாக எழுதுகிறேன். யாரையும் நான் கேட்டதில்லை. தங்கையைக் கேட்டேனா? கதை வெளிவந்தபோது மலரை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் பக்கத்தைப் புரட்டிப் படித்தாள். முடித்துவிட்டு, "அந்தப் பொம்மனாட்டிக்காவது கை வந்துதே, அண்ணா" என்றாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு நான் காப்பி சாப்பிடப் போனேன்.

கடைசியில் லாரியை எடுத்துவிட்டாள், ஊரை எடுத்துவிட்டாள், வசவை எடுத்துவிட்டாள். 84-ம் 86-ம் மட்டும் நின்றன. அதோடு, பாட்டியின் கை திரும்பி வரவில்லை என்று ஒரு வரி. தான் மடித்த துண்டுகளைப் பற்றியும் எழுதினாள். ஆலோசகருக்குப் பிடிக்கவில்லை, உணர்ச்சி போதாது என்றார். அப்படியே அனுப்பினாள்.

ஆறு பள்ளிகளில் இரண்டு கூப்பிட்டன. பிறகு இன்னொரு தகராறு. ஒன்று பெயர் பெற்ற தனியார் பள்ளி. மூன்று வருஷச் சம்பளம் மட்டும் ஒரு லட்சம் டாலரை நன்றாகத் தாண்டும். மற்றொன்று அவள் இருக்கும் மாநிலத்துப் பல்கலைக்கழகம். அதில் பாதிகூட ஆகாது. இரண்டுக்கும் அங்கீகாரம் உண்டு. முடிவில் எழுதும் உரிமத் தேர்வு ஒன்றேதான். எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று பள்ளிகளே வெளியிடுகின்றன. அந்தக் கணக்கிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவள் அப்பாவுக்குப் பெயர்மேல் ஆசை. மேற்படிப்புக்குப் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு 2026 ஜூலையிலிருந்து மத்திய சர்க்கார் கடனில் உச்சவரம்பு என்று 2025-ல் ஒரு சட்டமும் அங்கே வந்தது. மேற்கொண்டு வேண்டுமானால் தனியாரிடம் கடன் வாங்க வேண்டியதுதான்.

பணம் இதில் தருமப் பிரச்சினையா என்று கேட்கலாம். எனக்கு அப்படித்தான் படுகிறது. அந்த நாட்டில் முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில், சிகிச்சை நேரத்தைப் பதினைந்து நிமிஷத் துண்டுகளாக அளந்து பணம் கொடுக்கிறார்கள். ஒரு துண்டுக்குக் கணக்கெழுதக் குறைந்தது எட்டு நிமிஷமாவது நோயாளியுடன் இருந்திருக்க வேண்டும் என்று விதி. விதியில் தவறில்லை, ஏதாவது ஓர் அளவு வேண்டும்தானே? ஆனால் கழுத்தளவு கடனோடு நிற்கிற ஒருத்திக்கு ஒன்பதாவது நிமிஷம் எப்படி இருக்கும்? அவள் கல்நெஞ்சுக்காரியாக இருக்க வேண்டியதில்லை. மாதத் தவணை அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும். எங்கள் வீட்டுக்கு வந்த பையன் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருப்பான். மொபெட்டுக்குக்கூட அவன் தவணை கட்டவில்லை. அது அவன் அப்பாவுடையது.

இதை நான் அவளிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கிறாள். அப்பாவுக்கு இன்னும் மனத்தாங்கல் தீரவில்லை; என்னோடு பேசும்போது பருவமழையைப் பற்றி மட்டும் பேசுகிறான்.

போன மாதம் அவளிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. பாட்டியின் அந்த ரப்பர் பந்து இருக்கிறதா? இருந்தது; தங்கையின் பெட்டியில், பழைய புடைவைகளுக்கு நடுவே. சிவப்புச் சாயம் வெளுத்து, ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. இருபத்திரண்டு நாளுக்குப் பிறகும் அதை அவள் ஏன் வைத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாமல் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாளோ என்னவோ. பார்சல் கட்டித் தபாலாபீசில் கொடுத்துவிட்டு வந்தேன். மதிப்பு எவ்வளவு என்று குமாஸ்தா கேட்டார். பத்து ரூபாய் என்று எழுதினேன்.

அந்தத் தீபாவளிக் கதை இருக்கிற தொகுதி மறுபதிப்பு வரப்போகிறது. புரூஃப் மேஜைமேல் கிடக்கிறது. டம்ளர் வருகிற பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி வைத்திருக்கிறேன். பதிப்பாளர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார்.