உழுது வைத்த விருந்து

பசித்த உயிர்க்கு உணவளிப்பது அறம் என்பதில் நம்முள் கருத்து வேற்றுமையில்லை. அவ்வுயிர் மனிதனாயிராமல் காட்டு விலங்காயிருப்பினும் அவ்வறம் குன்றுவதில்லை. ஆயின், உணவளித்த கையே பின்னர் உயிரையும் பறிக்குமாயின், அவ்வுணவை ஈகை என்பதா, தூண்டில் இரை என்பதா?

அமெரிக்க நாட்டில் தலைமுறையாக நிலமுடைய குடும்பங்கள் பல, காட்டையொட்டிய ஓரிரண்டு ஏக்கரை மான்களுக்கென்றே பயிரிடுகின்றன. டிராக்டரில் வட்டுக் கலப்பையைப் பூட்டி மண்ணைப் புரட்டுகின்றனர்; மண்ணைச் சோதித்துச் சுண்ணாம்பு இடுகின்றனர்; குளோவர், ஓட்சு, காராமணி முதலியவற்றை விதைக்கின்றனர். நம் தோட்டங்களில் கன்றுக்கு உரமிடும் கவனத்திற்கு அக்கவனம் சிறிதும் இளைத்ததன்று. பயிர் தழைக்கிறது, மான் வருகிறது. இலையுதிர் காலத்தில், வயலோரத்துப் பரணில் காத்திருப்பவன் துப்பாக்கியை உயர்த்துகிறான்.

அவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. மேய வரும் மான்கள் எல்லாம் சுடப்படுவதில்லை. எஞ்சியவை குளிர்காலத்தில் அப்பயிரால் பசி தணிகின்றன. வேட்டை விருப்பம் இல்லையேல் அந்நிலத்தை மானுக்காக எவர் உழுவார் என்று வினவுகின்றனர். வினா பொருந்தியதே. எனினும் ஒரு விந்தையைப் பாருங்கள்: அந்நாட்டு மாநிலங்கள் சிலவற்றில், தானியத்தைக் கொட்டி வைத்து மானைச் சுடுவது குற்றம், அதனையே விதைத்து முளைக்கச் செய்து, மேயும் மானைச் சுடுவது குற்றமன்று. வேர் விட்டுவிட்டால் இரை விருந்தாகிவிடுமோ? சட்டத்திற்கு எங்கேனும் ஒரு கோடு வேண்டும். மனச்சான்றுக்கு அக்கோடு போதாது.

இங்கே நம்மை நோக்கி ஒருவர் விரல் நீட்டலாம். “ஓராண்டு காலம் தழை ஒடித்துப் போட்டு வளர்த்த ஆட்டுக்கு மாலையிட்டு, முனியாண்டி முன் வெட்டுகிறீரே, அது எவ்வகை?” என்பார். மறுமொழி எளிதன்று. மான் பயிரின் மணத்தை நம்பி வருகிறது. ஆடோ நம் குரலை நம்பி ஓடி வருகிறது. நம்பினதைக் கெடுத்த குற்றம் என்று பார்த்தால் நம் பழியே பெரிது. அமெரிக்கன் தன் செயலை வேட்டை என்றாவது சொல்லுகிறான். நாமோ பக்தி என்கிறோம். கறிக்காகவே வளர்த்தேன் என்று ஒப்புக்கொள்பவனிடம் எனக்கு வழக்கில்லை. கொலையைக் காட்டிலும், கொலைக்கு இட்ட பெயரே என்னை உறுத்துகின்றது.

பயன் கருதிச் செய்யும் உதவியெல்லாம் இழிவென்றும் சொல்லேன். தமிழ்நாட்டு வேடந்தாங்கல் மக்கள் நீர்ப்பறவைகளைக் காத்தது, அவற்றின் எச்சம் ஏரி நீரோடு கலந்து வயலுக்கு உரமாவதை அறிந்தே. சுட வந்த வெள்ளைச் சிப்பாய்களைப் பற்றி முறையிட்டு, 1798இல் கலெக்டர் லயனல் பிளேசிடம் காப்புரிமை பெற்றனர். நம் செம்பனைத் தோட்டங்களில் ஆந்தைக்குக் கம்பத்தில் பெட்டி வைப்பதும் அத்தகையதே. (அபசகுனம் என்று பாட்டிமார் விரட்டிய பறவைக்கு நிர்வாகமே வீடு கட்டித் தருகின்றது!) இதில் எலியைத் தவிர எவர்க்கும் கேடில்லை.

பாசிர் பெனம்பாங்கிலிருந்து சிலாங்கூர் ஆற்றில் மேலேறிச் சென்றால் கம்போங் குவாந்தான். அங்கே பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைவதைக் காணப் பல நாட்டாரும் வருகின்றனர். ஆனால், அவை புழுவாய் வளர்வது மரத்திலன்று. கரையோரத்து ஈர மண்ணில், சிறு நத்தைகளைத் தின்றே வளர்கின்றன. அம்மண்ணை டிராக்டர் புரட்டினால் நத்தை போகும், புழு போகும், மரத்தில் விளக்கெரியாது. கரைக்காடு அழிந்து செம்பனை நீர்விளிம்பு வரை நெருங்கிய இடங்களில் நேர்ந்தது இதுவே. 2009இல் சிலாங்கூர் அரசு ஆற்றங்கரையில் ஒரு பகுதியைக் காப்பு மண்டலமாக அறிவித்தது.

இவ்வுணவு வயலை எவரும் உழ வேண்டியதில்லை. உழாமல் விட வேண்டும். விதைப்பவனுக்குத் தன் கையால் ஆயிற்று என்னும் மகிழ்ச்சியேனும் உண்டு. விட்டுவிடுபவனுக்கோ இரண்டு வரிசைப் பனையின் குலைகள் நட்டம். சில ஏக்கரே உடைய குடும்பத்திற்கு அது பிள்ளையின் பள்ளிச் செலவாயிருக்கலாம். படகேறி ஒளியைக் கண்டு களிக்கும் நகரத்தார் அக்குடும்பத்தின் வாசலையும் அறியார். அவர்கள் செலுத்தும் படகுக் கட்டணத்தில் ஒரு பங்கு, அவ்விரு வரிசையை விட்டவனுக்குச் சேர வேண்டும் என்பேன்.