பொய் சொல்லப் பழக்குவோர் யார்?

பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்கும்பொழுது பெற்றோர் எத்தனையோ செய்திகளை ஆராய்கின்றனர். எந்தப் பள்ளி, எந்த வழிக் கல்வி, கட்டணம் எவ்வளவு, வண்டி வசதி உண்டா என்றெல்லாம் நாலு பேரிடம் கேட்டுத் தெளிகின்றனர். இவை வேண்டுவனவே. ஆயினும் முதல் வகுப்பு தொடங்கி ஐந்தாம் வகுப்பு முடியும் வரையிலான அந்த ஐந்தாண்டுகளில் பிள்ளை கற்கும் பாடம் ஒன்றைப் பற்றி மட்டும் எவரும் விசாரிப்பதில்லை. அஃது எழுத்தும் அன்று, எண்ணும் அன்று. சொல்லும் செயலும் ஒன்றாயிருத்தல் என்னும் பாடம். அதற்குப் பாடநூல் இல்லை, தேர்வும் இல்லை. ஆசிரியர் மட்டும் உளர். அவர் நாமே.

இப்பாடத்தை நாம் எப்படி நடத்துகின்றோம் என்பதை விளக்க, பிறர் இல்லத்துக்குப் போக வேண்டியதில்லை. நம் இல்லத்தில் சில ஆண்டுகட்கு முன் நிகழ்ந்ததையே கூறுகின்றோம்.

திண்டிவனத்திலிருந்து சென்னைக்கு இரயிலில் சென்றோம். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு இரயிலில் கட்டணம் இல்லை. நம் மகளுக்கு ஐந்து வயது நிரம்பி ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. முன்பதிவில்லாப் பெட்டியில் அவளுக்குரிய அரைக்கட்டணம் மிகச் சிறிய தொகை. அதனை மிச்சப்படுத்த எண்ணி, "யாராவது கேட்டால் நாலு வயது என்று சொல்" எனக் கற்பித்தோம். பரிசோதகர் வந்து கேட்டார். குழந்தை ஒரு கணம் நம் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "நாலு" என்றாள். அவர் சிரித்தவாறு கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். நாமும் சிரித்தோம், கெட்டிக்காரி என்று பாராட்டவும் செய்தோம்.

இரண்டு மாதங்கள் கழிந்தன. கணக்குத் தேர்வின் விடைத்தாள் எங்கே என்று கேட்டோம். "இன்னும் கொடுக்கவில்லை" என்றாள். தாள் புத்தகப் பையின் அடியில் மடிந்து கிடந்தது. பொய் சொன்னாளே என்று கை ஓங்கினோம். அப்பொழுது அவள் நம் முகத்தைப் பார்த்த பார்வை, இரயிலில் கண்ட அதே பார்வை. ஓங்கிய கை தானே தாழ்ந்தது. இந்த வித்தையை அவளுக்குக் கற்பித்தவர் யார் என்பது நமக்குத் தெரியும்.

செய்தலும் செய்வித்தலும்

நம் அறநூல்கள் வினை வந்து பொருந்தும் வாயில்களைப் பேசுங்கால், தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்தற்கு உடன்படல் என மூன்றாகப் பகுக்கின்றன. இவை மூன்றும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றனோடும் உறழ ஒன்பது ஆகும். சமந்தபத்திர சுவாமிகள் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரம், இல்லறத்தாரின் வாய்மை விரதத்தை வகுக்கும்பொழுது, தான் பொய் கூறாமை என்பதோடு நிற்கவில்லை. பிறரைப் பொய் கூறச் செய்யாமையையும் அவ்விரதத்தின் பகுதியாகவே வைக்கின்றது. நாமோ முதற்பகுதியை மட்டும் நினைவிற்கொண்டு, மற்றதை மறந்துவிடுகின்றோம்.

மறப்பது எங்கே என்று பார்ப்போம். கடன் கொடுத்தவர் வாயிலில் நின்றால் "அப்பா ஊரில் இல்லை" என்று சொல்லப் பிள்ளையை அனுப்புகின்றோம். கைப்பேசி ஒலித்தால் "அம்மா குளிக்கிறாள் என்று சொல்" என்று அதனைப் பிள்ளையின் கையில் தருகின்றோம். உறவினர் திருமணத்துக்காக இரண்டு நாள் விடுப்பு எடுத்துவிட்டுக் காய்ச்சல் என்று கடிதம் எழுதி, அதனைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்தனுப்புகின்றோம். இவற்றுள் ஒன்றிலேனும் பொய் நம் வாயிலிருந்து வெளிப்படவில்லை. பிள்ளையின் வாயும் கையும் அதனைச் சுமக்கின்றன. இது செய்வித்தல்.

உடன்படல் இன்னும் நுட்பமானது. செயல்திட்டம் என்று பள்ளியில் ஒரு வேலை தருகின்றனர். அட்டையும் பசையும் வாங்கி வந்து, இரவெல்லாம் விழித்திருந்து, கோயில் கோபுரமோ எரிமலையோ நாமே செய்து முடிக்கின்றோம். பிள்ளை உறங்கிவிடுகிறான். மறுநாள் அவன் பெயரால் அது பரிசு பெறுகிறது. நாம் கை தட்டுகின்றோம். தான் செய்யாத ஒன்றைத் தனது என்று ஏற்றுக்கொள்ளும் பழக்கத்துக்கு அன்று விதை விழுகின்றது. கோணலாக ஒட்டப்பட்டிருந்தாலும் அவன் கையால் ஒட்டிய அட்டை அவனுக்குச் சொந்தம். நாம் செய்துதந்த கோபுரம் அவனுடையது அன்று என்பதை அவன் உள்ளம் அறியும்.

யசோதரனும் அவன் தாயும்

"இவையெல்லாம் சிறு பொய்கள், விளையாட்டுப் போன்றவை, இவற்றுக்கு இவ்வளவு பெரிய பேச்சா?" என்று கேட்போர் உண்டு. யசோதர காவியம் அறிந்த நம் இல்லத்தார் இக்கேள்வியைக் கேட்டல் ஆகாது. உயிர்ப்பலி இட மறுத்தவன் யசோதரன். தாய் சந்திரமதியின் வற்புறுத்தலால், உயிருள்ள கோழிக்கு மாறாக மாவினால் செய்த கோழியைப் பலியிட இசைந்தான். அங்கே உயிர் ஒன்றும் போகவில்லை. ஆயினும் கொல்லும் எண்ணம் இருந்தது. அதனைத் தூண்டிய தாயும், இசைந்து செய்த மகனும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் உழன்றனர். தூண்டியவர் தாய் ஆதலின் மகன் தப்பவில்லை. வெட்டியவன் மகன் ஆதலின் தாயும் தப்பவில்லை.

யசோதரன் வளர்ந்தவன், அரசன், மறுத்துரைக்கும் அறிவும் உரிமையும் உடையவன். அவனாலேயே தாய் சொல்லைக் கடக்க இயலவில்லை. ஐந்து வயதுக் குழந்தை நம் சொல்லைக் கடப்பது எங்ஙனம்? அதற்கு நாமே நூல், நாமே சான்று. நாம் தவறு என்றால் தவறு. கெட்டிக்காரத்தனம் என்றால் கெட்டிக்காரத்தனம்.

உண்மைக்கு விலை வைக்காதீர்

மற்றொன்றையும் எண்ண வேண்டும். இப்பருவத்துப் பிள்ளைகள் சொல்லும் பொய்களுள் பெரும்பாலன அச்சத்தால் பிறப்பவை. உடைந்த குவளைக்கு உண்மை சொன்னால் அடி. பூனை தட்டிவிட்டது என்றால் அடியில்லை. இவ்விரண்டையும் ஒருமுறை எடை போட்டுப் பார்த்த குழந்தை அடுத்த முறை எதைத் தேர்ந்தெடுக்கும்? பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் தடை செய்துள்ளது. வீட்டில் நம் கையைத் தடுக்க வேண்டியவர் நாமே. எறும்பை மிதியாமல் நடக்கவும் நீரை வடிகட்டிப் பருகவும் பழகிய நாம், நம் பிள்ளையின் முதுகில் மட்டும் அகிம்சையை மறக்கலாகாது. உண்மை சொன்ன பிள்ளைக்குத் தண்டனை இல்லை என்பதை இல்லத்தின் விதியாகவே வைப்போம். உடைந்ததை அவனும் நாமுமாகச் சேர்ந்து பெருக்கி எடுப்போம்; அதுவே போதிய பாடம்.

"உலகமே பொய்யில் நடக்கிறது, உண்மை மட்டும் பேசும் பிள்ளை பிழைப்பானா?" என்னும் கவலையும் பெற்றோர்க்கு உண்டு. கவலை நியாயமானதே. ஆயின் ஒன்று கேட்கின்றோம். பொய்யில் தேர்ந்த பிள்ளை முதலில் யாரிடம் அதனைப் பயன்படுத்துவான்? உலகத்தாரிடம் அன்று. தன்னுடன் ஒரே கூரையின் கீழ் வாழும் நம்மிடமே. பிற்காலத்தில் அவன் எங்குச் செல்கின்றான், யாருடன் பழகுகின்றான் என்று நாம் கேட்கும்பொழுது, அவன் விடையை நம்ப இயலாத நிலையை இன்றே நாம் உண்டாக்கிக்கொள்கின்றோம்.

கண்டு கற்றல்

அப்படியாயின் வாய்மையைக் கற்பிப்பது எவ்வாறு? அறிவுரையினால் அன்று. காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் தம் தாயார் புத்லிபாயைப் பற்றி ஒரு நிகழ்ச்சி கூறுகின்றார். அவ்வம்மையார் மழைக்கால விரதத்தின்போது, சூரியனைக் காணாமல் உண்பதில்லை என நோன்பு மேற்கொண்டிருந்தார். பிள்ளைகள் வானத்தைப் பார்த்தவாறே காத்திருப்பர்; மேகம் விலகிச் சூரியன் தோன்றியதும் ஓடிச்சென்று தாயிடம் கூறுவர். அவர் தம் கண்ணாலேயே காண வெளியே வருவதற்குள் சூரியன் மறைந்துவிடும். பிள்ளைகள்தாம் கண்டார்களே என்று அவர் உண்டிருக்கலாம், உண்ணவில்லை. முகம் வாடாமல் வீட்டு வேலைக்குத் திரும்பினார். அவர் அன்று பிள்ளைகட்கு எவ்வுபதேசமும் செய்யவில்லை. ஆனால் 1888இல் அம்மகன் இங்கிலாந்து செல்லுமுன், சமணத் துறவியாகிய பெச்சார்ஜி சுவாமி முன்னிலையில் தாய்க்கு அளித்த வாக்குறுதியைக் கடல் கடந்தும் காத்தார் எனின், வாக்கைக் காத்தல் என்றால் என்ன என்பதை அவர் எங்கே கண்டார் என்பது தெளிவு.

நாமும் தவறாதவர் அல்லோம். தவறிய பெற்றோர்க்கும் ஒரு வழி உண்டு. தசலட்சண பர்வத்தின் முடிவில் க்ஷமாவணி நாளன்று ஊராரிடமும் உறவினரிடமும் மன்னிப்பு வேண்டுகின்றோம். நம் மடியில் வளரும் குழந்தையிடம் வேண்டியதுண்டா?

விடைத்தாள் கிடைத்த அன்று மாலை மகளை அருகில் அமர்த்தி, "இரயிலில் உன்னைப் பொய் சொல்ல வைத்தோம், அது நம் பிழை, மன்னித்துவிடு" என்றோம். அவள் வியப்போடு பார்த்தாள், ஒன்றும் கூறவில்லை. அடுத்த பயணத்தில் அவளுக்கும் சீட்டு வாங்கி அவள் கையிலேயே கொடுத்தோம். சென்னை சேரும் வரை அதனை விரல்களுக்கிடையே இறுகப் பிடித்திருந்தாள். ஒவ்வொரு நிலையத்திலும், "பரிசோதகர் வரவில்லையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவர் அன்று வரவேயில்லை. அவளுக்கு அதில் சற்று ஏமாற்றம்.

பிள்ளைகட்குப் பொருளும் கல்வியும் தேடித் தருகின்றோம். எவர் கேட்பினும் அஞ்சாமல் விடை கூறும் நிலையையும் தேடித் தருவோம். அதற்கு நாம் முதலில் செய்ய வேண்டியது ஒன்றே. நாம் கூற நாணும் பொய்யை அவர்தம் நாவில் வையாதிருப்போமாக.