வேட்டைச் சின்னமும் ஆணவ மலமும்

திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் செல்லும் சாலையில், வல்லநாடு என்னும் ஊரையடுத்து முட்புதர் செறிந்த குன்றொன்று உளது. ஏறத்தாழ 16 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அவ்விடம் 1987ஆம் ஆண்டில் வெளிமான் காப்பிடமாக அரசினரால் அறிவிக்கப்பெற்றது. பாரத நாட்டில் வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களுள் தென்கோடியிலுள்ளது இதுவே என்பர். ஒருகாலத்தில் இந்நாட்டுச் சமவெளிகளில் மந்தை மந்தையாகத் திரிந்த இவ்வினம் அருகியதற்குப் புல்வெளிகள் உழுநிலமானது ஒரு காரணம். வேட்டை மற்றொரு காரணம். அவ்வேட்டையுள்ளும் பசிக்குக் கொன்றது ஒன்று, கொம்புக்குக் கொன்றது ஒன்று. ஆண்மானின் முறுக்குண்ட நீண்ட கொம்பு, துரைமார் பங்களாக்களிலும் ஜமீன் அரண்மனைகளிலும் சுவருக்கு அணியாயிற்று.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வேட்டையைக் குற்றமாக்கிற்று. அதற்குமுன் கிடைத்த கொம்பும் தோலும் வைத்திருப்போர்க்கும் உரிமைச் சான்று வேண்டும் என்று விதித்தது. எனினும், சட்டம் கையைத் தடுக்குமேயன்றிக் கருத்தைத் தடுக்கமாட்டாது. ஆகலின், அக்கருத்தின்கண் உள்ள குற்றம் யாதென்பதே ஈண்டு ஆராயற்பாலது.

உயிர்கள் எண்ணிறந்தன, அநாதியே ஆணவத்தாற் பிணிப்புண்டன. அவ்வவற்றின் வினைக்கேற்ப இறைவன் தநு கரண புவன போகங்களைக் கூட்டுவிக்கின்றான் என்பது சித்தாந்தம். மானுடம்பும் அங்ஙனம் அளிக்கப்பட்டதொன்றே. கொடுத்தவன் பதி, பெற்றது பசு. இவ்விரண்டிற்கும் இடையே பிறனொருவன் புகுந்து, அவ்வுடம்பின் தலையை அறுத்துச் சுவரில் மாட்டி, ‘இஃது என்னுடையது’ என்பானாயின், அவன் கொன்றது மட்டுமன்று, தன்னதல்லாத ஒன்றைத் தன்னதெனவும் கொண்டான்.

முத்துக்கரைப் பரதவர் வலை வீசுகின்றனர். கொல்லாமையைத் தலையாய அறமாகக் கொண்ட சைவம் அதனையும் வினையற்றது எனக் கூறாது. ஆயினும், ஆங்கே பசியுண்டு, மக்கள் முகமுண்டு, புயலுக்கு அஞ்சும் நெஞ்சுண்டு. வேட்டைச் சின்னம் தேடுவானுக்கோ இவற்றுள் ஒன்றுமில்லை. அவன் வயிறார உண்ட பின்னரே துப்பாக்கி எடுக்கின்றான். கூட்டத்துள் எக்கொம்பு பெரிதோ அதனையே தெரிந்து கொல்கின்றான். பிற கொலைகளில் பசிக்குப் பின்னே மறைந்து நிற்கும் ஆணவம், இக்கொலையில் மறைப்பின்றி நிற்கின்றது. ‘யான்’ என்பது விரலிலும் ‘எனது’ என்பது சுவரிலும் தோன்றுகின்றன.

அற்றேல், அம்மான் தன் பிராரத்த வினையாலன்றோ மாண்டது, வேடன் கருவி மாத்திரையன்றோ எனின், அன்று. மானுக்கு அது நுகர்வினையாகலாம். எய்தவனுக்கோ அதுவே ஆகாமியமாய் ஏறும். தன் விருப்பால் அம்பு தொடுத்தவன் பிறிதோருயிரின் வினைக்கணக்கைக் காட்டித் தன் கணக்கைத் தீர்த்தல் இயலாது. இவ்வழக்குச் செல்லுமாயின் உலகிற் கொலைக்குற்றமே இல்லையாய் முடியும்.

இக்காலத்தார் கூறும் தடையொன்று இதனினும் வலியது. நமீபியா முதலிய ஆப்பிரிக்க நாடுகளிற் செல்வர் வேட்டைக்குக் கொடுக்கும் பெரும்பொருளில் ஒரு பகுதி காட்டையடுத்த ஊரார்க்குச் செல்கின்றது. அதனால் அவர் காட்டை அழியாது காக்கின்றனர் என்பர். இது முற்றும் பொய்யன்று. காடு வயலாயின் ஒரு விலங்கன்று, எல்லா விலங்கும் மடியும். ஆயினும், பணத்தின் பயன் வேறு, கொடுப்பவன் உள்ளம் வேறு. 2015ஆம் ஆண்டில் ஜிம்பாப்வே நாட்டில் ஹுவாங்கே காப்புக்காட்டின் எல்லைக்கு வெளியே சிசில் என்று பெயரிட்டழைக்கப்பெற்ற சிங்கம் பொருள் கொடுத்து வந்த வேட்டைக்காரரால் அம்பெய்யப்பட்டது. புண்ணோடு பல மணி நேரம் கிடந்த பின்னரே அது கொல்லப்பட்டது. காட்டின்மேல் அன்பிருந்தாற் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சிங்கத்தை விட்டுவரத் தடையென்ன? தலையின்றிப் பணமில்லை என்றால், அவர் விலைகொடுத்தது தலைக்கேயன்றிக் காட்டுக்கு அன்று.

புலித்தோலை உடுத்து யானைத்தோலைப் போர்த்த பெருமானை வணங்குவோர் இதனைக் கூறுதல் தகுமோ என்று நகைப்பாரும் உளர். தாருகாவனத்து முனிவர் வேள்வியினின்றும் எழுப்பி ஏவிய புலி கொல்ல வந்தது, அதனை உரித்தான். அவ்வேள்வியிலேயே எழுந்த மானை என்செய்தான்? கையிலேந்தினான். சிவபெருமான் கரத்திலுள்ள மான் உயிருள்ள மான் என்பதனை ஒவ்வொரு கோயிற் சிற்பமும் காட்டும். பாண்டிநாட்டார்க்கு இதனினும் அணிய வரலாறு ஒன்றுண்டு. பாண்டியன் சென்ற வேட்டையிற் பன்றியும் பிணவும் மாண்டன. பாலின்றிக் கதறிய பன்னிரண்டு குட்டிகட்குச் சொக்கலிங்கப் பெருமான் தாய்ப்பன்றியாய் வந்து முலை கொடுத்தான் எனத் திருவிளையாடற் புராணம் கூறும். அக்குட்டிகள் முற்பிறப்பில் மக்கள் என்பதும் ஆங்குண்டு. ஆயினும் இறைவன் சென்றது அவை பன்றியாயிருந்த காலத்திலேயே. வில்லேந்திய வேந்தன்பால் அவன் அன்று செல்லவில்லை.

இனி, வேட்டைச் சின்னம் துப்பாக்கி ஏந்துவோரிடம் மட்டுமே உளதென்று சைவர் அமைதியுறுதற்கில்லை. தூத்துக்குடிக் கடலிற் சங்கு குளித்தல் பழந்தொழில். முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று, சங்கு நிற்கவில்லை. வெள்ளையர் ஆட்சியில் அஃது அரசின் தனியுரிமையாய் இருந்தது. வங்காளத்திற்கு வளையல் அறுக்கப் பெருவாரியாகச் சென்றது. அந்நாளிலேயே குறித்த அளவிற்குச் சிறிய சங்கை மீளக் கடலில் விடவேண்டுமென்னும் விதியும் இருந்தது. சங்கு என்பது ஓடு மாத்திரமன்று. கடலடி மணலிற் புழுக்களை உண்டு வாழும் ஓர் உயிரின் வீடு. அவ்வுயிர் தானே மாண்டு கிடந்த ஓடு துளைபட்டு ஒளிமழுங்கும். ஆகலின் வணிகர் உயிருள்ளதனையே விரும்புவர். பூசைச் சங்கின் வெண்மை உயிரோடு எடுத்ததன் வெண்மை என்பது அடியார் பலர் எண்ணாதது.

கார்த்திகைச் சோமவாரத்தில் சங்காபிடேகத்திற்கு வைக்கும் நூற்றெட்டும் ஆயிரத்தெட்டும் ஒருமுறை பெற்றுப் பல தலைமுறை வழங்கற்குரியன. அவை திருமஞ்சனம் ஏந்தும் கலங்கள், எவருடைய பெருமைக்கும் உரியனவல்ல. வலம்புரிக்கு ஏங்கும் உள்ளம் வேறு. இலட்சத்தில் ஒன்றென்பதே அதன் விலை. வீட்டில் வைத்தாற் செல்வம் பெருகும் என்பதே அதன்மேல் ஆசை. வேட்டைக்காரன் பெரிய கொம்பைத் தேடுதற்கும் இதற்கும் உள்ள வேற்றுமை சிறிதே. மூச்சடக்கி ஆழத்திற் செல்லும் குளியாளியைக் குறைகூறிப் பயனில்லை. அவன் தேடுவது பிறர் கேட்பதனையே.

இவ்வாசையைக் கண்ட கடைக்காரர் எளிய வழியொன்று கண்டனர். அமெரிக்கக் கரையில் வாழும் வேறொரு கடல்நத்தையின் ஓடு, அவ்வினத்தில் இயல்பாகவே வலம்புரியைப் போற் சுருளும். அங்கே அஃது அரிய பொருளன்று. அவ்வோடே வலம்புரியென்று பெரும்பொருளுக்கு விற்கப்பட்டு, இல்லங்கள் பலவற்றிற் பூசையறைப் பட்டுத்துணிமேல் வீற்றிருக்கின்றது.