ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்போம்

 



கோவில்பட்டியைச் சுற்றி எட்டயபுரம், கயத்தாறு, கழுகுமலை, விளாத்திகுளம் என்று பரந்து கிடக்கும் கரிசல் பூமியின் குணம் நமக்குத் தெரிந்ததுதான். கோடையில் பாளம் பாளமாக வெடித்து வாய் பிளந்து கிடக்கும். மழை விழுந்துவிட்டாலோ களியாகிக் கால் வைக்க விடாது; தண்ணீரைக் கீழே இறக்காமல் மேலேயே நிறுத்திவிடும். கம்பும் சோளமும் பருத்தியும் உளுந்தும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் விளைகின்றன. மழை பொய்த்தால் மைதானத்தில் கூடி மழைத் தொழுகை தொழுகிறோம். மிஞ்சினால் அது நிற்க வேண்டுமென்று கையேந்துகிறோம். இரண்டும் நபிவழியே. ஆனால், துஆ முடித்து முகத்தில் தடவிக்கொண்ட பிறகு அந்தக் கைகள் என்ன செய்கின்றன? இதனையே இம்மாதம் நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

வெயிலும் வெள்ளமும்

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தார் மறந்திருக்க முடியாது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் சேர்ந்து பெய்யும் மழை ஏறத்தாழ 65 செ.மீ. அந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 செ.மீ. கொட்டியது. வானம் பார்த்த பூமியான கோவில்பட்டியில் 50 செ.மீ.க்கு மேல் பெய்தது. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை கடந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. பக்கத்துப் புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கி அவர்களுக்குக் கொடுத்தார்கள். செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் திறக்கப்பட்டு, வீடிழந்த இந்துக் குடும்பங்கள் அங்கே தங்க வைக்கப்பட்டன. அல்லாஹ் அவர்கள் அனைவருக்கும் நற்கூலி வழங்குவானாக!

அதே வேளையில் இன்னொன்றும் நடந்தது. நோயாளிகள் நாடி ஓடவேண்டிய தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குள்ளேயே வெள்ளம் புகுந்துவிட்டது. மருத்துவரும் மருந்தும் இருந்தும் சாலை இல்லை, மின்சாரம் இல்லை, டெலிபோன் இல்லை என்றால் பிரசவ வேதனையில் துடிக்கும் பெண் எங்கே போவாள்? நாள் தவறாமல் இன்சுலின் போட்டுக்கொள்பவர், வாரந்தோறும் டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்ன செய்வார்? மருத்துவமனையே நோயாளியாகிப் போனால் நோயாளியை யார் பார்ப்பது?

வெள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது; வெயில் சத்தமில்லாமல் கொல்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கும் பெண்களும், காட்டில் களையெடுக்கும் கூலிகளும், ஓட்டு வீட்டில் தனியாகப் படுத்திருக்கும் வயோதிகர்களும் வெயிலுக்கு முதலில் இரையாகிறார்கள். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்திற்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது. உயிர் போன பின் வருவது நிவாரணம். போகாமல் காப்பதல்லவா முதல் கடமை?

இனி தண்ணீர்ப் பஞ்சத்தைப் பாருங்கள். சீவலப்பேரியிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரை நம்பியிருக்கும் ஊர் கோவில்பட்டி. குழாயில் எப்போது வருமோ என்று குடத்திலும் டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைப்பது நம் பெண்களின் பழக்கம். மூடாத அந்த டிரம்மில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. ஆக, மழை பொய்த்தாலும் நோய், மிஞ்சினாலும் நோய்.

தீவு மக்களின் நிலை

இந்தச் சோதனை நமக்கு மட்டும் வந்ததன்று. தூத்துக்குடியிலிருந்து தோணிகள் காய்கறியும் கட்டடச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு போகும் மாலத்தீவை நாம் அறிவோம். மாசிக் கருவாடு அங்கிருந்து வருவதே. ஏறத்தாழ 1,200 தீவுகள். மக்கள் வாழ்பவை 200க்குள். நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. அவர்களும் ‘லாயிலாஹ இல்லல்லாஹ்’ மொழிந்த நம் சகோதரர்களே. இப்படிப்பட்ட சிறு தீவு நாடுகள் எல்லாம் சேர்ந்தும் உலகின் கரிப்புகையில் நூற்றில் ஒரு பங்குகூட வெளியிடுவதில்லை. ஆயினும் கடல் ஏறினால் முதலில் மூழ்குபவர்கள் அவர்கள்தாம். கரிசல் காட்டுக் கூலியின் கதையும் இதுவேயன்றோ? தவறு செய்தவன் ஒருவன், வதைபடுபவன் வேறொருவன். மனிதர்களின் கைகள் தேடிக்கொண்டவற்றால் தரையிலும் கடலிலும் சீர்கேடு தோன்றிவிட்டதாக அல்லாஹ் தன் திருமறையில் (30:41) எச்சரிப்பதை நினைத்துப் பாருங்கள்.

2014 டிசம்பரில் மாலத்தீவின் தலைநகர் மாலேயில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் குடிக்கத் தண்ணீரின்றித் தவித்தார்கள். இந்தியாவிலிருந்து விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்ப வேண்டியதாயிற்று. சுற்றிலும் கடல், குடிக்க ஒரு வாய் இல்லை! ஒரே இயந்திரத்தை நம்பியிருந்தால் என்னவாகும் என்பதை அந்த நாள் கற்பித்தது.

2017 செப்டம்பரில் அதே மாலேயில் இந்தியா உட்படத் தென்கிழக்காசிய நாடுகளின் சுகாதார அமைச்சர்கள் கூடி, மாறிவரும் பருவநிலையைத் தாங்கக்கூடியதாக மருத்துவ ஏற்பாடுகளைப் பலப்படுத்துவதென ஒரு பிரகடனம் செய்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் ஜெர்மனியின் பான் நகரில், பிஜித் தீவின் தலைமையில் நடந்த பருவநிலை மாநாட்டில், சிறு தீவு நாடுகளுக்கென்றே உலக சுகாதார நிறுவனம் ஒரு தனித் திட்டத்தைத் தொடங்கியது. அவற்றின் சாரம் மிக எளிது: வெள்ளம் எட்டாத இடத்தில் மருத்துவமனை, நிற்காத மின்சாரம், கைவசம் மருந்தும் சுத்தமான தண்ணீரும், நோய் பரவுமுன் எச்சரிக்கை, பயிற்சி பெற்ற ஊழியர். ஆபத்து வருமுன் செய்ய வேண்டியவை இவை. வந்தபின் செய்ய முடியாதவை.

மார்க்கம் என்ன சொல்கிறது?

“எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம், நாம் என்ன செய்ய முடியும்?” என்று சிலர் கேட்கிறார்கள். அல்லாஹ்வின் நாட்டத்தை மறுப்பவன் முஃமினல்லன். ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டு வைப்பதா என்று கேட்ட மனிதருக்கு, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி அண்ணலார் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள் என்பதைத் திர்மிதியில் காண்கிறோம்.

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 18ஐ ஒட்டி அரபு நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. நிலம் சாம்பலாய்க் காய்ந்ததால் ‘சாம்பல் ஆண்டு’ என்றே அதற்குப் பெயர். கலீஃபா அவர்கள் நாயகத்தின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களை முன்வைத்து மழைக்காக துஆ கேட்டார்கள். அத்துடன் நின்றுவிடவில்லை, எகிப்திலிருந்து தானியம் வரவழைத்தார்கள், மதீனாவில் குவிந்த ஏழைகளுக்குச் சமைத்துப் போட்டார்கள், மக்கள் பசித்திருக்கத் தாம் நெய் உண்ண மறுத்தார்கள். ஷாமில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டதும் வழியிலேயே திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, அவனது ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதிக்கே செல்வதாக விடை பகர்ந்தார்கள். துஆவும் தானிய வண்டியும் சேர்ந்ததே உமர் (ரலி) அவர்களின் தவக்குல்.

மார்க்கம் தந்துள்ள சலுகைகளையும் பாருங்கள். கடும் வெயிலில் லுஹரைச் சற்றுத் தணிந்த நேரத்தில் தொழச் சொல்லப்பட்டுள்ளது. பெருமழையில் வீட்டிலேயே தொழுதுகொள்ள பாங்கிலேயே அறிவிப்பு உண்டு. நோயாளிக்கு நோன்பிலும், தண்ணீர் இல்லாதவருக்கு ஒளுவிலும் இலகு உண்டு. உயிரைக் காப்பது தீனுக்கு வெளியே உள்ள காரியமன்று.

2024 ஹஜ்ஜில் மக்காவில் வெப்பம் 51 டிகிரியைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் முறையான அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். வெயில் எல்லோர் மீதும் ஒன்றாகவே அடித்தது. ஏற்பாட்டிற்கு வெளியே நின்றவர்களையே அதிகமாகக் கொண்டுபோயிற்று. நம் மஹல்லாவில் அப்படி வெளியே நிற்பவர் யார்?

ஜமாஅத்தும் குடும்பமும் செய்ய வேண்டியவை

மருத்துவமனையை மேட்டில் கட்டுவது அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது குடிமக்களின் கடமை. நம் கைக்கு எட்டியவையும் பல உண்டு.

முதலாவதாக, ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு பட்டியல் எழுதப்படட்டும். தனியாக வாழும் முதியோர், கர்ப்பிணிகள், இன்சுலினும் டயாலிசிஸும் தேவைப்படுவோர் யார் யார்? வெயில் காலத்திலும் மழை நாளிலும் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய வாலிபர் யார்? மதம் பார்க்காமல் அண்டை வீட்டாரையும் அதில் சேருங்கள். அண்டை வீட்டாரின் ஹக்கில் அவர்களும் அடங்குவர்.

இரண்டாவதாக, வெயில் காலப் பகலில் பள்ளிவாசலின் வராந்தா வழிப்போக்கருக்கும் கூலியாட்களுக்கும் நிழலாகட்டும். வாசலில் மண்பானைத் தண்ணீர் இருக்கட்டும். அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களுக்காக மஸ்ஜிதுந் நபவியிலேயே கூடாரம் அடிக்கப்பட்டது. ருஃபைதா என்னும் ஸஹாபிப் பெண்மணி அங்கே காயங்களுக்கு மருந்திட்டார்கள். பள்ளிவாசல் மருத்துவத்திற்கு அந்நியமானதன்று.

மூன்றாவதாக, ஹவுளுக்கும் வீட்டுக்கும் கூரை மழைநீரைச் சேகரியுங்கள். டிரம்மை மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், கொசு முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும். ஓடும் ஆற்றங்கரையிலும் ஒளுவில் வீண்விரயம் கூடாது என்ற நபிபோதனையைப் பைப்படியில் நினைவு கூருங்கள்.

நான்காவதாக, தாய்மார்கள் இதை அறிந்திருக்கட்டும். வாந்தி பேதியோ வெயில் களைப்போ வந்தால், ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டையும் தலைதட்டிப் போட்டுக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். உடல் நெருப்பாய்ச் சுட்டு, பேச்சுக் குழறினால் நிழலில் கிடத்தி, ஈரத்துணி போர்த்தி விசிறி, உடனே 108ஐ அழைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மின்சாரம் நின்றால் இன்சுலினை ஈர மணலில் வைத்த மண்சட்டிக்குள், நனையாமல் பாதுகாக்கலாம்.

இறுதியாக, நம் பைத்துல்மாலில் வெள்ளம் வந்தபின் அள்ளிக் கொடுப்பதற்கு மட்டுமல்ல, வருமுன் மருந்து வாங்கி வைப்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்கப்பட வேண்டும். தாயாருக்காக எது சிறந்த தர்மம் என்று கேட்ட ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்களுக்குத் தண்ணீரே சுட்டிக்காட்டப்பட்டது. அவர்கள் கிணறு வெட்டினார்கள். கரிசலில் ஒரு கிணறும், ஒரு மரநிழலும், ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வாங்கித் தரும் ஒரு ஜெனரேட்டரும் நாம் கபுருக்குப் போன பின்பும் நன்மை சேர்த்துக்கொண்டிருக்கும் ஸதகத்துல் ஜாரியாவாகும். ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதகுலம் முழுவதையும் வாழ வைத்தவர் போன்றவர் என்பது திருமறை (5:32) தரும் நற்செய்தியன்றோ?

யா அல்லாஹ்! எங்கள் கரிசல் மண்ணுக்குப் பயன்தரும் மழையைத் தருவாயாக! கடல் சூழ்ந்த தீவுகளில் வாழும் மக்களைக் காப்பாயாக! உன்னிடம் ஏந்தும் கைகளை, உன் அடியார்களுக்கு உழைக்கும் கைகளாகவும் ஆக்குவாயாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!