கடைத்தெருவில் தெரியாத முகம்

ஓர் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அதன் கடைத்தெருவைப் பார்த்தால் போதும் என்பார்கள். நானும் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். கதையில் ஒரு தெருவை எழுத வேண்டியிருந்தால், அங்கே என்ன விற்கிறது என்றுதான் முதலில் போய்ப் பார்ப்பேன்.

மயிலாப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் பஞ்சாங்கமே கடை விரித்து உட்கார்ந்திருக்கும். பிள்ளையார் சதுர்த்தியா, களிமண் பிள்ளையாரும் காகிதக் குடையும் எருக்கம்பூ மாலையும். நவராத்திரி வந்துவிட்டால் வடக்கு மாட வீதி நெடுகக் கொலு பொம்மைகள். மார்கழியில் கோலப்பொடி. கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடை, 1885-இல் ஏற்பட்டது. பிள்ளை பெற்றவளுக்கு லேகியம் வேண்டுமென்றால் அங்கேதான் ஆள் அனுப்புவார்கள். இந்த வீடுகளில் எதைக் கும்பிடுகிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள், எதற்கு மருந்து தேடுகிறார்கள் என்பதெல்லாம் எந்த வீட்டுப் படியும் ஏறாமலே தெரிந்துவிடும்.

அத்தனையும் உண்மைதான். ஆனாலும் அந்தப் பேச்சில் எனக்கு இப்போது பழைய நம்பிக்கை இல்லை. காரணம் ஒரு வாழைப்பூ.

தெற்கு மாட வீதி நடைபாதையில் ஓர் அம்மாளிடம் விலை கேட்டேன். முப்பது ரூபாய் என்றாள். இருபதுக்குக் கேட்டு இருபத்தைந்தில் முடித்தேன். பேரம் படிந்த சந்தோஷத்தில், "நீங்க இதை எப்படிம்மா சமைப்பீங்க? உசிலியா, வடையா?" என்று உறவு கொண்டாடினேன்.

"வாழைப்பூவா? அதை ஆஞ்சு எடுக்க நேரம் ஏது சார்? ராத்திரி வண்டியை விட்டு இறங்கினதும், ஸ்டேஷன் வாசல்ல எது மீந்து கிடக்குதோ அதை வாங்கிக்கினு போவேன்" என்றாள்.

அன்று மாலையே ஒரு குளிர்சாதனக் கடையில் உறையில் அச்சிட்டிருந்த விலையை வாய் திறவாமல் கொடுத்துவிட்டு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைத்தெரு ஊரின் கண்ணாடியென்றால், அது வாங்குகிறவன் முகத்தைத்தான் காட்டுகிறது. பகலெல்லாம் அங்கேயே உட்கார்ந்திருப்பவள் அதில் தெரிவதில்லை. கண்ணாடியின் முதுகில் பூசிய ரசம் மாதிரி அவள். கேட்பதை விற்பதுதானே வியாபாரம், இதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். வியாபாரத்தில் தப்பில்லை. என் எழுத்தைத்தான் சொல்கிறேன். எத்தனை கதைகளில் இவளைக் 'கூடைக்காரி' என்ற ஒரே சொல்லில் தாண்டிப் போயிருக்கிறேன்!

மறுவாரம் போனபோது அந்த இடத்தில் வேறொருத்தி கீரை வைத்திருந்தாள். சொன்ன விலையைக் கொடுத்தேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்கத்தான் ஏனோ வாய் வரவில்லை.