திருவோடு காணாமல் போனபோது



தைப்பூசத்துக்குப் பத்துமலை, தண்ணீர்மலை, கல்லுமலை என்று எங்கே போனாலும் கூட்டத்தில் யாராவது எதையாவது தேடிக்கொண்டுதான் இருப்பார்கள். பை, கைப்பேசி, மோட்டார் சாவி. இப்போது நம்மில் பலர் சாவிக்கொத்திலும் பையிலும் ஒரு புளூடூத் டேக்கைப் போட்டுக்கொள்கிறோம். நான் மின்னணுப் பொறியியல் படிக்கிற மாணவன். சமயச் சிந்தனை எழுதச் சொன்னால் இந்த டேக்கைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். களவு, சந்தேகம், தீர்ப்பு மூன்றும் இந்தச் சின்ன வட்டத்துக்குள் இருக்கின்றன.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது? 2021-இல் வந்த ஏர்டேக், ஸ்மார்ட்டேக் இரண்டுமே ஒரே தத்துவம்தான். உள்ளே சிம் இல்லை, ஜிபிஎஸ் இல்லை. ஒரு பொத்தான் பேட்டரியும், "நான் இங்கே இருக்கிறேன்" என்று விட்டுவிட்டுச் சொல்லும் ஒரு சின்ன புளூடூத் சிக்னலும்தான். பக்கத்தில் யாராவது கைப்பேசியோடு நடந்துபோனால், அந்தக் கைப்பேசி சிக்னலைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தைப் பூட்டிய கடிதம் மாதிரி மறையாக்கம் செய்து அனுப்பும். அதை வழிப்போக்கரால் திறந்து பார்க்க முடியாது. யாருடைய பொருளுக்கு உதவினோம் என்று அந்த வழிப்போக்கருக்குத் தெரியவே தெரியாது. பலனை எதிர்பாராமல் தொண்டு செய் என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடைக்குமா?

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வரைபடத்தில் தெரியும் புள்ளி, உண்மையில் சிக்னலைக் கேட்ட கைப்பேசி நின்ற இடம். சில மீட்டர் தள்ளியும் இருக்கலாம், அரை மணி நேரம் பழையதாகவும் இருக்கலாம். அடுக்குமாடி என்றால் எத்தனையாவது மாடி என்று அந்தப் புள்ளி சொல்லாது. அது இடத்தைக் காட்டும், ஆளைக் காட்டாது.

இப்போது பெரியபுராணத்துக்கு வாருங்கள். தில்லையில் திருநீலகண்டர் என்ற குயவர் இருந்தார். அடியார்களுக்குத் திருவோடு செய்து கொடுப்பதே அவர் தொண்டு. இளமையில் மனைவியோடு ஒரு பிணக்கு. "எம்மைத் தீண்டாதீர்" என்று அந்த அம்மையார் திருநீலகண்டத்தின் மேல் ஆணையிட்டார். அன்றிலிருந்து மனைவியை மட்டுமல்ல, எந்தப் பெண்ணையும் மனத்தாலும் தீண்டாமல் ஒரே வீட்டில் முதுமை வரை வாழ்ந்தார்.

ஒரு நாள் சிவயோகியார் ஒருவர் வந்து ஓர் ஓட்டைக் கொடுத்து, பத்திரமாக வைத்திரு என்றார். பிறகு திரும்பி வந்து கேட்டால், வைத்த இடத்தில் அது இல்லை! வீடு முழுக்கத் தேடினார். புது ஓடு தருகிறேன் என்று கெஞ்சினார். யோகியார் ஒப்பவில்லை. "நீதான் திருடினாய். இல்லையென்றால் மனைவியின் கையைப் பிடித்துக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்" என்றார். நாயனாரால் அது முடியாது. ஏன் முடியாது என்று சொல்லவும் முடியாது. பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? பொருள் அவரிடம்தான் இருந்தது, இப்போது இல்லை, சத்தியம் செய்யவும் மறுக்கிறார். இன்றைய பாஷையில் சொன்னால், புள்ளி நேராக அவர் வீட்டு மேலேயே நிற்கிறது. ஆனால் அவர் குற்றமற்றவர்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் இளைஞர் பிரிவுக் கூட்டத்தில் இந்தக் கதை எனக்கு நினைவுக்கு வந்தது. வழிபாடு முடிந்து பார்த்தால் ஒரு தங்கையின் பையைக் காணோம். உள்ளே டேக் இருந்தது. புள்ளி ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஃபிளாட்டில் காட்டியது. மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர் அங்கேதான் தங்கியிருக்கிறார்.

"அவன்தான் லா, வேற யாரு? வாங்கடா போலாம்" என்று ஏழெட்டுப் பேர் மோட்டாரை எடுத்துவிட்டார்கள்.

ஆலயக் குழுவில் இருக்கும் ஓர் அங்கிள் வாசலில் நின்று கேட்டார்: "தம்பி, எந்த மாடி?" யாரிடமும் பதில் இல்லை. "எந்த வீடு?" அதற்கும் இல்லை. "அப்போ போலீஸ்ல ரிப்போர்ட் பண்ணுங்க. அந்தப் படத்தையும் காட்டுங்க."

அப்படியே செய்தோம். மறுநாள் பை அந்த ஃபிளாட்டின் காவலர் அறையில் கிடைத்தது. யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அடையாள அட்டை இருந்தது, பணம் இல்லை. எடுத்தது யார் என்று இன்றுவரை தெரியாது. அந்தத் தொழிலாளர் வழக்கம்போல் காலையில் துடைப்பத்தோடு வந்தார். அன்று இரவு ஏழெட்டு மோட்டார் அவர் வாசலில் போய் நின்றிருந்தால்? அவரும் கெஞ்சியிருப்பார், நாயனாரைப் போல. யார் கேட்டிருப்பார்கள்?

களவு பெரிய பாவம் என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. வள்ளுவர் கள்ளாமைக்குத் தனி அதிகாரமே வைத்தார். பதஞ்சலி முனிவர் ஐந்து யமங்களில் ஒன்றாகத் திருடாமையைச் சொன்னார். நான் கேட்பது வேறு. ஆதாரம் இல்லாமல் ஒருவரின் நல்ல பெயரைப் பறித்தால் அதற்கு என்ன பெயர்? அதுவும் களவுதானே? பை திரும்பிக் கிடைக்கும். பணத்தைச் சம்பாதித்துக்கொள்ளலாம். "திருடன்" என்று பத்துப் பேர் முன்னால் சொல்லி, வாட்ஸ்அப்பில் படமும் போட்ட பிறகு அந்தப் பெயரை எங்கே போய்த் தேடுவது? அதற்கு டேக் கிடையாது.

புராணத்தில் இன்னொன்றும் இருக்கிறது. யோகியாராக வந்தவர் யார்? சாட்சாத் சிவபெருமான். எல்லாம் அறிந்தவர். அவரே தன் கையால் தண்டிக்கவில்லை. வழக்கைத் தில்லைவாழ் அந்தணர் சபைக்குக் கொண்டுபோனார். சர்வேஸ்வரனே சபைக்குப் போனார் என்றால், கையில் ஒரு புள்ளியை மட்டும் வைத்திருக்கும் நாம் காவல் நிலையத்துக்குப் போகக் கூடாதா?

தம்பிமார்களுக்கு இன்னும் ஒரு வார்த்தை. இந்த டேக் நம் பொருளுக்கு மட்டும்தான். பிடித்த பெண்ணின் பையிலோ காரிலோ அவளுக்குத் தெரியாமல் போடுவது அன்பு இல்லை, அதர்மம். அறியாத டேக் கூடவே வந்தால் இப்போது கைப்பேசியே எச்சரிக்கும். 2023 முதல் நம் நாட்டில் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பது தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவில் குற்றமும்கூட.

கடைசியில் நாயனார் என்ன செய்தார்? ஒரு மூங்கில் தண்டின் இரு முனைகளைத் தாமும் மனைவியும் பிடித்து, நடந்ததை ஊரறியச் சொல்லிக் குளத்தில் மூழ்கினார்கள். முதுமை நீங்கி இளமையோடு எழுந்தார்கள். இறைவன் காட்சி தந்தான்.

நம் பக்கத்தில் நிற்பவருக்காக அப்படி இறைவன் வந்து சாட்சி சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். புள்ளி தெரிந்தவுடன் ஒரு நிமிடம் நில்லுங்கள். மனத்தில் "திருநீலகண்டம்" என்று சொல்லுங்கள். பிறகு காவல் நிலையத்துக்கு நடங்கள்.

திருச்சிற்றம்பலம்.