பனிமலைக்குப் புறப்படுமுன்

விடுமுறைக்குக் குல்மர்க் போகலாமென்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பனிச்சறுக்குக்குப் பேர்போன காஷ்மீர் மலைத்தலம். ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரம். டிக்கெட்டு, அறை, கம்பளியுடை எல்லாம் ஒரு மாதம் முன்பே பேசிவிடுகிறோம். தொழுகையை மட்டும் போன இடத்தில் பார்த்துக்கொள்ளலாமென்று விட்டுவிடுகிறோம். அங்கே உறைபனியில் காலைக் கழுவ மனம் வராமல் சுபுஹு களாவாகிறது. (வெந்நீர் போட்டுத்தர உம்மாவா கூட வருகிறார்?)

ஆகவே பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது தோலாலான காலுறை. ஒளுச் செய்து, கால் கழுவியபின் அதை அணிய வேண்டும். பிறகு முதன்முதலில் ஒளு முறிந்ததிலிருந்து மூன்று பகல், மூன்று இரவு பிரயாணி அதன்மேல் மஸஹு செய்துகொள்ளலாம். மெல்லிய நூல் காலுறை இதற்கு உதவாது. குளிப்புக் கடமையானால் கழற்றியே ஆகவேண்டும்.

அறை பேசும்போதே நாள் கணக்கையும் பார்த்துக்கொள்வோம். சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் ஓரிடத்தில் தங்க நிய்யத்து வைத்தால், ஷாபிஈகளுக்கு அங்கே நான்கு ரக்அத்தை இரண்டாக்கும் கஸ்ரு இல்லை. ஹனபிகளுக்குப் பதினைந்து நாள். கஸ்ரு போனால் மஸஹும் ஒரு பகல், ஓரிரவாகச் சுருங்கிவிடும்.

கிப்லாவையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் மேற்கிலிருந்து சற்று வடக்கே திரும்பி நிற்கிறோம்; அங்கே சற்றுத் தெற்கே.